ஈட்டியில்லா ஈட்டிக்காரர்கள்

“கடன் வேண்டுமா? வாருங்கள்! ஜாமீன் வேண்டாம், சொத்து வேண்டாம், சம்பளச் சீட்டும் வேண்டாம். ஐந்தே நிமிடம்! ஆதார் எண், பான் எண், உங்கள் முகத்தின் படம் ஒன்று — போதும். பணம் பறந்து வரும்!”

பாசம் பொங்கப் பேசுகிறது செல்பேசித் திரை. வங்கியின் வாயிற்படியிலே கால் கடுக்க நின்று, “நாளை வா” என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப் போன ஏழைக்கு இந்த அழைப்பு எப்படி இருக்கும்? பாலையிலே நடந்தவன் பானை நீரைக் கண்டதுபோல் இருக்கும்! தங்கைக்குப் பள்ளிக் கட்டணம், தாய்க்கு மருந்து, வண்டிக்குத் தவணை, வீட்டுக்கு வாடகை — தேவை ஒன்றா, இரண்டா? விரலை வைக்கிறான். “சம்மதம்” என்கிறான். எதற்குச் சம்மதம் என்பதை அவன் அறியான். பக்கம் பக்கமாக நீளும் நிபந்தனைகளைப் படிக்க அவனுக்கு நேரமில்லை. படித்தாலும் புரியும்படி அவற்றை எழுதியவர்கள் எழுதவில்லை.

நம் பாட்டன்மார் காலத்திலே ஈட்டிக்காரன் என்றொருவன் வருவான். அவன் வருகிறான் என்றால் தெருவே அறியும். கடன்பட்டவன் கொல்லைப்புறமாக ஓடுவான். மனைவி கதவோரம் நின்று, “அவர் ஊரில் இல்லை” என்பாள். கொடுமைதான். ஆயினும் அந்தக் கொடுமைக்கு ஒரு முகம் இருந்தது, ஒரு பெயர் இருந்தது, அது நிற்பதற்கு ஒரு திண்ணை இருந்தது. இன்றைய ஈட்டிக்காரனுக்கு முகம் இல்லை. முகவரி இல்லை. கையிலே ஈட்டியும் இல்லை. அவன் கொல்லைப்புறத்திலும் இருக்கிறான், கூடத்திலும் இருக்கிறான், கடன்பட்டவனின் சட்டைப் பையிலேயே உட்கார்ந்திருக்கிறான்!

இவனை எதிர்க்க வேண்டும். அதிலே இரண்டு கருத்து இல்லை. எப்படி எதிர்ப்பது என்பதிலேதான், தோழர்களே, நாம் சற்று நின்று நிதானிக்க வேண்டியிருக்கிறது.

முதலிலே கணக்கு. உணர்ச்சி சற்று ஒதுங்கி நிற்கட்டும், எண்கள் பேசட்டும்.

ஏழு நாள் கடன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விளக்கத்துக்காகப் போடும் கணக்கு இது. எந்தவொரு நிறுவனத்தின் பேரேட்டிலிருந்தும் எடுத்ததன்று. ஆனால் கட்டணத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்வதும், ஏழு நாள் கெடு வைப்பதும், 2020-இல் அகப்பட்ட செயலிகள் கையாண்ட முறைதான். கடன் தொகை 5,000 ரூபாய். ‘பரிசீலனைக் கட்டணம்’ முதலான பெயர்களிலே 2,000 ரூபாய் பிடித்தம். கைக்கு வருவது 3,000. ஏழாம் நாள் கட்டவேண்டியதோ 5,000! மூவாயிரத்துக்கு ஒரு வாரத்து விலை இரண்டாயிரம். நூற்றுக்கு 66 ரூபாய் 67 காசு — ஆண்டுக்கு அல்ல, ஏழு நாளுக்கு! ஆண்டுக் கணக்கிலே விரித்தால் நூற்றுக்கு ஏறத்தாழ 3,476.

“ஏழு நாள் கடனுக்கு ஆண்டுக் கணக்குப் போடலாமா? இது நியாயமா?” என்று கேட்பார்கள். கேட்கட்டும். கேள்வி நியாயமானது, பதிலும் உண்டு. ஏழாம் நாள் கட்ட முடியாதவன் என்ன செய்கிறான்? இரண்டாவது செயலியிலே வாங்கி முதலாவதற்குக் கட்டுகிறான். மூன்றாவதிலே வாங்கி இரண்டாவதற்குக் கட்டுகிறான். அவனுக்கு அது ஏழு நாள் கடனா, ஏழேழு வாரக் கடனா? ஆண்டுக் கணக்கே வேண்டாம் என்றால் வேண்டாம். மூவாயிரத்துக்கு ஒரு வாரத்திலே இரண்டாயிரம் — இதற்கு அவர்களே ஒரு பெயர் சூட்டட்டும்!

இன்னொரு கணக்கும் உண்டு. அது சட்டத்துக்குட்பட்ட இடங்களிலேயே நடமாடுவது, சத்தமில்லாதது. “ஆண்டுக்கு 24 சதவிகிதம்தான்” என்கிறார்கள். 10,000 ரூபாய் கடன், பன்னிரண்டு மாதத் தவணை. வட்டி 2,400, மாதந்தோறும் 1,033 ரூபாய் சொச்சம். சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் பத்தாயிரமும் ஆண்டு முழுவதும் அவன் கையிலா இருந்தது? மாதந்தோறும் அசல் கரைந்துகொண்டே வருகிறது. வட்டியோ முழு அசலுக்கும் போடப்பட்டிருக்கிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி நூற்றுக்கு 42-ஐ நெருங்குகிறது! இருபத்து நான்கு என்று சொல்லி நாற்பத்திரண்டு வாங்குவதற்கு ஈட்டி எதற்கு? பெருக்கல் வாய்ப்பாடு தெரியாத ஏமாளி ஒருவன் போதுமே!

வட்டி, கொடுமையின் பாதிதான். மறுபாதி அடகு. “அடகு வேண்டாம்” என்று அழைத்தார்களே, அடகு வாங்கத்தான் செய்தார்கள்! நகையை வாங்கவில்லை, செல்பேசியிலிருந்த பெயர்களை வாங்கினார்கள். அண்ணன், மாமன், மேலாளர், பள்ளித் தோழி, பால்காரர் — அத்தனை பேர் எண்களும் அடகு. படங்களும் அடகு. கெடு தவறினால், “இவன் திருடன்” என்று அத்தனை பேருக்கும் செய்தி. பெண்ணாயிருந்தால், அவள் முகத்தை ஆபாச உடலிலே ஒட்டி, உறவுக்கும் ஊருக்கும் ஒரு படம். ஆயிரக்கணக்கிலே கடன், அதற்கு ஈடாக ஒரு மனிதப் பிறவியின் மானம்!

2020 டிசம்பரிலே ஐதராபாத்தும் சுற்றுப்புறமும் அதிர்ந்தன. செயலிக் கடனின் தொல்லை தாங்காது சிலர் உயிரை மாய்த்துக்கொண்டனர். காவல்துறை, வசூல் அழைப்பு நிலையங்களிலே புகுந்து ஆட்களைக் கைது செய்தது. டிசம்பர் 23-ஆம் நாள் ரிசர்வ் வங்கி பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. 2021 ஜனவரி 13-இல் ஆய்வுக் குழு அமைத்தது. அந்தக் குழுவின் அறிக்கை அதே ஆண்டு நவம்பரிலே வந்தது. அதிலே கண்ட எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: 2021 ஜனவரி, பிப்ரவரி இரண்டே மாதங்களில், இந்திய ஆண்ட்ராய்டு செல்பேசியாளருக்கு 81 செயலிக் கடைகளிலே கிடைத்த கடன் செயலிகள் ஏறத்தாழ 1,100. அவற்றிலே 600 சட்டவிரோதமானவை. 2020 ஜனவரி முதல் 2021 மார்ச் வரை ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ தளத்துக்கு வந்த புகார்கள் ஏறத்தாழ 2,562. பெரும்பாலானவை ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டுக்குள்ளேயே வராதவர்கள் மீது!

ஆத்திரம் வருகிறதல்லவா? வரவேண்டும். வராவிட்டால்தான் வியப்பு. ஆனால் ஆத்திரம் அம்பு எய்யும்போது குறி பார்ப்பதில்லை. மூன்று வகை அம்புகளைப் பாருங்கள். மூன்றும் எய்தவனையே திரும்பி வந்து குத்துகின்றன.

முதல் அம்பு: “கடன் கொடுக்கும் செயலிகள் அத்தனையும் கொள்ளைக் கூட்டம்!” மேடையிலே கைதட்டல் கிடைக்கும் இதற்கு. விளைவு என்ன? பதிவு பெற்று, விதிப்படி நடந்து, தள்ளுவண்டிக்காரருக்கும் தையற்காரிக்கும் வங்கி தராத கடனைத் தரும் நிறுவனம் ஒன்று இருக்குமானால், அது எழுந்து நின்று, “இதோ என் பதிவுச் சான்று, இதோ என் வட்டி விகிதம், எங்கே கொள்ளை?” என்று கேட்கிறது. பேசியவர் விழிக்கிறார். அந்த விழிப்பைப் பயன்படுத்திக்கொண்டு உண்மைக் கொள்ளைக்காரன் கூட்டத்திலே கலந்து நழுவுகிறான்! ஆயிரத்து நூறிலே அறுநூறு என்று ஆதாரத்தோடு சொன்னால் அவன் நடுங்குகிறான். அத்தனையும் என்று சொன்னாலோ அவன் சிரிக்கிறான்.

இரண்டாம் அம்பு: “கட்ட வேண்டாம், கடன் தள்ளுபடி!” இது அம்பு கூட அன்று, தூண்டில். செயலிகள் மீது மக்களுக்குள்ள வெறுப்பையே மூலதனமாக்கி ஒரு புதுக் கூட்டம் முளைத்தது. “கடன் தள்ளுபடிச் சான்றிதழ் தருகிறோம்; எங்களுக்குக் கட்டணம் கொடுங்கள்” என்று கடை விரித்தது. 2023 டிசம்பர் 11-இல் ரிசர்வ் வங்கியே இத்தகைய பிரச்சாரங்களை எதிர்த்து எச்சரிக்க வேண்டியதாயிற்று. கடன்காரனிடம் பிடுங்குண்டவன், கடன் எதிர்ப்புக்காரனிடமும் பிடுங்குண்டான்! பொய்யான கண்டனம் பயனற்றது மட்டுமா? அது இன்னொரு சுரண்டலுக்குத் திறந்த வாசல்.

மூன்றாம் அம்பு: “எல்லாம் அந்நியன் செய்யும் சதி!” 2020-க்குப் பிந்திய வழக்குகளிலே சீன நாட்டவர் சிலரின் தொடர்பும் சீனப் பணத்தின் தொடர்பும் வெளிப்பட்டன, இதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அவர்களுக்குத் தங்கள் உரிமத்தை வாடகைக்கு விட்டது யார்? செயலற்றுக் கிடந்த இந்திய நிதி நிறுவனங்கள் கமிஷன் வாங்கிக்கொண்டு உரிமத்தைக் கடன் கொடுத்ததை அமலாக்கத் துறையின் விசாரணைகள் காட்டின. பெயருக்கு இயக்குநராகக் கையெழுத்துப் போட்டவர்கள் யார்? அழைப்பு நிலையத்திலே அமர்ந்து, சகோதரியொருத்தியை வாய் கூசாமல் ஏசியவர்கள் யார்? நம் நாட்டார்தாம்! ஓர் இனத்தின் மீது பழியைப் போட்டால் நெஞ்சு குளிரும். உரிமத்தை விற்றவன் வீட்டிலோ விருந்து நடக்கும்.

ஆகவே, “நேர்மையாகக் குறை கூறு, துல்லியமாகக் குறை கூறு” என்கிறோம். உடனே ஒரு நண்பர், “நேர்மையா? கொள்ளைக்காரனிடம் நேர்மை எதற்கு? இது கோழைத்தனம்!” என்கிறார். இல்லை, நண்பரே! துல்லியம்போல் வலிமையான ஆயுதம் வேறு இல்லை. இதோ இரண்டு சான்று.

பதிவு பெற்ற நிறுவனம் என்றால் உத்தமர் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு முதற்சான்று. ‘கேஷ்பீன்’ என்ற செயலியை நடத்திய பிசி ஃபைனான்சியல் சர்வீசஸ் என்பது ரிசர்வ் வங்கியிலே பதிவு பெற்ற நிறுவனம். 2022 பிப்ரவரியிலே ரிசர்வ் வங்கி அதன் பதிவை ரத்துச் செய்தது. கூறிய காரணங்களிலே சில: அளவுமீறிய வட்டியையும் கட்டணங்களையும் மூடுமந்திரமாக வாங்கியது, கடனை வசூலிக்க ரிசர்வ் வங்கியின் சின்னத்தையும் மத்தியப் புலனாய்வுத் துறையின் சின்னத்தையும் அனுமதியின்றிப் பயன்படுத்தியது! சட்டத்தின் சின்னத்தையே திருடிச் சாமானியனை மிரட்டியிருக்கிறார்கள். இதைச் சொல்ல ஏச்சு வேண்டுமா? மிகைப்படுத்தல் வேண்டுமா? நடந்ததை நடந்தபடி சொன்னாலே போதாதா?

இரண்டாவது சான்று, கண்டிப்பவருக்கே பாடம். 2024 அக்டோபர் 17-இல் ரிசர்வ் வங்கி, ஆசீர்வாத் மைக்ரோ ஃபைனான்ஸ், ஆரோகன் ஃபைனான்சியல் சர்வீசஸ், டிஎம்ஐ ஃபைனான்ஸ், நவி ஃபின்சர்வ் என்ற நான்கு நிறுவனங்களுக்கு, அக்டோபர் 21-ஆம் நாள் வேலை முடிவிலிருந்து புதுக் கடன் வழங்கக் கூடாதென்று தடை விதித்தது. தங்களுக்குக் கிடைக்கும் பணத்தின் செலவுக்கு மேல் அளவு மீறி வட்டி ஏற்றியது முக்கியமான குறைபாடு. பதிவு பெற்ற, பெயர் பெற்ற நிறுவனங்கள்! இதைச் சொல்ல வேண்டும். உரக்கச் சொல்ல வேண்டும். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. நிறுவனங்கள் முறைகளைத் திருத்திக்கொண்டதை ஏற்று, நவி மீதான தடை 2024 டிசம்பர் 2-இல் நீக்கப்பட்டது. 2025 ஜனவரியிலே மற்றவற்றின் மீதான தடையும் நீங்கியது. தடை விழுந்ததை முழங்கியவன், தடை நீங்கியதையும் சொல்ல வேண்டும். பாதிச் செய்தியைப் பரப்புகிறவன் பாதிப் பொய்யன். மறுபாதியை எதிரி எடுத்துக் காட்டும்போது, அவன் சொன்ன உண்மைப் பாதியும் சேர்ந்து செத்துப் போகும்!

துல்லியமான கண்டனம் வெல்லுமா என்று ஐயுறுவோர் ஆங்கில நாட்டைப் பார்க்கட்டும். அங்கேயும் இதே தொழில் இதே இணையத்திலே நடந்தது. நம்மைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே நடந்து, முடிந்தும் போனது. ‘வோங்கா’ என்பது அந்த நிறுவனத்தின் பெயர். சம்பள நாள் வரைக்கும் சிறுகடன் தருவது தொழில். தன் விளம்பரத்திலேயே அது காட்டிய ஆண்டு வட்டி நூற்றுக்கு 5,853! கண்டித்தவர்கள் எண்ணைப் பெருக்கிக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. நிறுவனம் எழுதிய எண்ணை நிறுவனத்தின் முகத்துக்கு நேரே பிடித்தார்கள். அடுத்து ஓர் உண்மை வெளியானது. 2008 முதல் 2010 வரை, இல்லாத வழக்கறிஞர் நிறுவனங்களின் பெயரிலே கடன்பட்டோருக்கு மிரட்டல் கடிதம் அனுப்பியிருந்தது வோங்கா! 2014 ஜூனிலே அந்நாட்டு நிதி நடத்தை ஆணையம் இதைக் கண்டித்து, ஏறத்தாழ 45,000 பேருக்கு 26 லட்சம் பவுனுக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் செய்தது. அதே ஆண்டு அக்டோபரிலே, திருப்பிக் கட்டும் வசதியைச் சரியாகச் சோதிக்காமல் கொடுத்த கடன்களுக்காக, 3,30,000 பேரின் 22 கோடி பவுன் கடனை வோங்காவே தள்ளுபடி செய்ய நேர்ந்தது. 2015 ஜனவரி 2 முதல் சட்ட வரம்பு வந்தது: நாளொன்றுக்கு நூற்றுக்கு 0.8-க்கு மேல் கூடாது. வட்டியும் கட்டணமும் எல்லாம் சேர்ந்து அசலைத் தாண்டக் கூடாது. இழப்பீட்டுக் கோரிக்கைகள் குவிந்தன. 2018 ஆகஸ்டு 30-இல் வோங்கா சாய்ந்தது. சாய்த்தது வசவா? அல்ல — ஆவணம்!

அந்தக் கதையிலே இன்னொரு காட்சியும் உண்டு. 2013 ஜூலையிலே கான்டர்பரிப் பேராயர் வோங்காவைக் கண்டித்தார். கடன் கூட்டுறவுகளை வளர்த்து, போட்டியிலேயே அதை வீழ்த்துவோம் என்றார். சொன்ன சூடு ஆறுமுன் ஒரு பத்திரிகை கண்டுபிடித்தது — திருச்சபையின் பணமும் சுற்றுவழியாக வோங்காவிலே இருந்தது! சிறு தொகைதான், 75,000 பவுன் அளவு. பேராயர் மழுப்பவில்லை, சங்கடமாயிருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு அந்தப் பங்கு கைகழுவப்பட்டது. இதிலே நமக்குள்ள பாடம், கண்டிக்கப் புறப்படுகிறவன் தன் பெட்டியையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும் என்பது. செயலியின் விளம்பரத்திலே பல் தெரியச் சிரித்துவிட்டு, மேடையிலே கண்ணீர் வடிப்பவரைக் கண்டால், அவர் பெட்டியிலே என்ன இருக்கிறதென்று நாமும் கேட்க வேண்டும்.

இனி, எதிர்த்தரப்பாரின் வாதங்களுக்கு வருவோம். அவற்றையும் நேர்மையாகவே எடுத்துக்கொள்வோம்.

“கடன் கேட்டது அவன்தானே? நாங்களா கழுத்தைப் பிடித்தோம்?” என்கிறார்கள். கேட்டது உண்மை. அசலையும் நியாயமான வட்டியையும் அவன் கட்டத்தான் வேண்டும். வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் கடன் கேட்டவன் தன் மாமனின் எண்ணையா விற்றான்? தங்கையின் படத்தையா விற்றான்? கடன்பட்டது குற்றமன்று. குற்றமே ஆயினும், தண்டிக்க நீதிமன்றம் இருக்கிறது. அழைப்பு நிலையம் நீதிமன்றமன்று!

“அபாயம் அதிகம், அதனால் வட்டி அதிகம்” என்கிறார்கள். ஈடில்லாக் கடனிலே அபாயம் உண்டு என்பதை ஒப்புகிறோம். அப்படியானால் அந்த வட்டியை முதற்பக்கத்திலே, பெரிய எழுத்திலே, தமிழனுக்குத் தமிழிலே, தெலுங்கனுக்குத் தெலுங்கிலே ஏன் அச்சிடக் கூடாது? நியாயமான விலைக்கு முகமூடி எதற்கு?

“எங்கள் பெயரைச் சொன்னால் வழக்குப் போடுவோம்” என்கிறார்கள். இந்த மிரட்டலுக்கு இளைஞர்கள் அஞ்சுகிறார்கள். அஞ்சாமலிருக்கச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அவதூறு பற்றிப் பேசுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு. அதன் முதல் விதிவிலக்கே இதுதான்: சொன்னது உண்மையாகவும், சொல்வது பொதுநலத்துக்காகவும் இருந்தால் அவதூறு ஆகாது. உண்மை, பொதுநலம் — இரண்டும் வேண்டும். உண்மையை மெய்ப்பிக்கும் சுமை சொன்னவன் தோளிலே விழும். அதனால்தான் மீண்டும் மீண்டும் ஆதாரம், ஆதாரம் என்கிறோம். ஆதாரம் உள்ளவனுக்கு அந்த விதிவிலக்கு கவசம். வாய்க்கு வந்ததைச் சொன்னவனுக்கோ அதே பிரிவு விலங்கு!

அரசும் ஆணையங்களும் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அதுவும் துல்லியம் ஆகாது. செய்திருக்கின்றன, தாமதமாகச் செய்திருக்கின்றன. ரிசர்வ் வங்கியின் 2022 செப்டம்பர் 2-ஆம் நாள் வழிகாட்டுதல் கூறியது என்ன? கடன் நேராக வாங்குபவரின் வங்கிக் கணக்குக்கே போகவேண்டும். எல்லாச் செலவும் சேர்த்த ஆண்டு வட்டி வீதத்தை, முக்கிய விவரக் குறிப்பிலே முன்னதாகவே காட்டவேண்டும். அந்தக் குறிப்பிலே இல்லாத கட்டணம் எதையும் பின்னர் கேட்கக் கூடாது. அபராதமின்றிக் கடனைத் திருப்பித் தந்து விலக அவகாசம் தரவேண்டும். செல்பேசியிலுள்ள பெயர்ப் பட்டியலையும், அழைப்பு விவரங்களையும், கோப்புகளையும் செயலி தொடக் கூடாது. அதற்குச் சற்று முன்னர் ஆகஸ்டு 12-இல் வந்த சுற்றறிக்கை, காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்றது. ஊரறிய அவமானப்படுத்துவதையும், குடும்பத்தார் நண்பர்களிடம் போய் நிற்பதையும் தடுத்தது. 2025 மே 8-இல் இணையக் கடன் விதிகள் மீண்டும் தொகுக்கப்பட்டன. அதே ஆண்டு ஜூலை 1 முதல் கடன் செயலிகளின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் தளத்திலே வெளியிடப்பட்டது. ஆனால் கவனியுங்கள்: அந்தப் பட்டியல் நிறுவனங்கள் தாமே கொடுத்த விவரம், ரிசர்வ் வங்கி சோதித்துத் தந்த நற்சான்றன்று. பட்டியலிலே இல்லாத செயலியை நம்பாதே என்பதற்கு அது உதவும். இருக்கும் செயலியெல்லாம் நல்லது என்பதற்கு உதவாது.

கூகுள் நிறுவனமும் கதவைச் சாத்தியது; முழுக்கத் தூங்கிய பிறகு! அரசு நாடாளுமன்றத்திலே சொன்ன கணக்குப்படி, 2021 ஏப்ரல் முதல் 2022 ஜூலை வரை 2,500-க்கும் மேற்பட்ட கடன் செயலிகளும், 2022 செப்டம்பர் முதல் 2023 ஆகஸ்டு வரை 2,200-க்கும் மேற்பட்டவையும் கூகுள் கடையிலிருந்து அகற்றப்பட்டன. அகற்றினார்கள், நன்று. ஆயிரக்கணக்கிலே அகற்ற வேண்டியிருந்ததென்றால், ஆயிரக்கணக்கிலே உள்ளே விட்டது யார் என்று கேட்பதும் நன்று!

டில்லியின் வேகத்தையும் பாருங்கள். முறைப்படுத்தப்படாத கடன் தொழிலைத் தடுக்கத் தனிச் சட்டம் வேண்டுமென்று 2021-இலேயே ஆய்வுக் குழு பரிந்துரைத்தது. சட்ட வரைவு வெளியானது 2024 டிசம்பரிலே! ஏழு நாள் கெடு தவறியவனைத் துரத்தித் துரத்தி அடித்தார்கள். மூன்றாண்டுக் கெடு தவறிய ஆளவந்தாரை யார் அழைத்துக் கேட்டது?

நம் தமிழ்நாட்டுக்கு இந்த நோய் புதிதன்று. 2003-ஆம் ஆண்டின் அளவுமீறிய வட்டித் தடைச் சட்டத்தைப் புரட்டினால், நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் என்று அத்தனை பெயரும் அதிலே அணிவகுத்து நிற்கும். நம் மக்கள் பட்ட பாட்டின் அகராதி அது! 2025-இலே கட்டாய வசூலுக்கு எதிரான சட்டமொன்றும் இங்கே இயற்றப்பட்டது. சட்டங்கள் ஏட்டிலே இருக்கின்றன. ஏட்டிலிருந்து இறங்கித் தெருவுக்கு வர அவற்றுக்குக் கால் வேண்டும். அந்தக் கால், தோழர்களே, நீங்கள்தாம்!

என்ன செய்யலாம்? மன்றங்களிலே, படிப்பகங்களிலே, தொழிற்சங்க அலுவலகங்களிலே வாரம் ஒரு மாலை ஒதுக்குங்கள். கடன்பட்டவர் வரட்டும், கூசாமல் வரட்டும். கைக்கு வந்தது எவ்வளவு, கட்டச் சொன்னது எவ்வளவு, எத்தனை நாளில் — மூன்றே எண்கள். வட்டியைக் கணக்கிட்டுக் காட்டுங்கள். மிரட்டல் செய்தியை அழிக்கச் சொல்லாதீர்கள்; நாளும் நேரமும் தெரியும்படி காத்து வைக்கச் சொல்லுங்கள். செயலியின் பின்னால் இருக்கும் நிறுவனம் எது, அது பதிவு பெற்றதா என்று பாருங்கள். பதிவு பெற்றதானால் அதன் குறைதீர்க்கும் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளிலே தீர்வு இல்லையேல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். பதிவு பெறாததானால் ‘சசேத்’ தளம் இருக்கிறது. படத்தைச் சிதைத்து மிரட்டினால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள்; காவல் நிலையத்துக்குத் துணையாகச் செல்லுங்கள். தனியே போனால் தலை குனிவார். நால்வர் போனால் நிமிர்வார்.

அதன் பின்னர் எழுதுங்கள். பெயரைச் சொல்லி எழுதுங்கள். தெரிந்ததைத் தெரிந்ததாகவும், கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவும் எழுதுங்கள். நிறுவனத்திடம் விளக்கம் கேளுங்கள். சொன்னால் அதையும் அச்சிடுங்கள். சொல்லாவிட்டால் சொல்லவில்லை என்பதை அச்சிடுங்கள். திருந்தினால் திருந்தியதையும் சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவரின் பெயரை மட்டும் அவர் விருப்பமின்றி வெளியிடாதீர்கள். மானத்தை அடகு வைத்தவன் செய்த வேலையை, மானம் காக்கப் போன நாமும் செய்துவிடக் கூடாது!

இருட்டும், அவசரமும், கணக்கறியாமையுமே புதிய ஈட்டிக்காரனின் மூலதனம். ஏச்சைக் கண்டு அவன் அஞ்சமாட்டான். ஏச்சு அவனுக்குப் பழகிய மொழி, அவன் தினமும் பேசும் மொழி! அவனுக்குப் பழகாத மொழி ஒன்று உண்டு. நாள், தொகை, வட்டி, சான்று, பெயர் — இந்த ஐந்து சொற்களால் ஆன மொழி. அதைப் பேசப் பழகுங்கள், தோழர்களே! ஊர்தோறும் பேசுங்கள். கணக்குத் தெரிந்த தெருவிலே கந்துவட்டிக்காரனுக்குக் கடை இல்லை!